காப்பர் அயோடைடும் ராசியில்லாத கையும்

எங்கள் ஆய்வகத்தில் என் கைக்கு ராசி இல்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவர் வேறு யாருமில்லை, என் நெறியாளர். வேதியியலில் ஊறிப்போன பேராசிரியர். டீயை உறிஞ்சிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்: "சில பேரு கைக்குச் சில காம்பவுண்டு வராதுங்க டீச்சரம்மா. அது கைராசிங்க. என்ன பண்றது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் வர நேரம் ஆகாது. வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் நெறியாளரிடம் அதைக் காட்ட முடியுமா? "பாக்கலாங்க சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டீச்சரம்மா என்பது அவர் எனக்கு வைத்த பெயர். பாதி மரியாதை, பாதி கேலி. இந்த ஆய்வகத்துக்கு வருமுன் நான் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தவள். நாற்பது எட்டிப்பார்க்கும் வயதில், நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, சேலத்தில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். கணவருக்கு ரயில்வேயில் வேலை, சூரமங்கலத்தில் வீடு. வீட்டில் நாங்கள் இருவரும் என் மாமியாரும்தான். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று சொந்தபந்தம் அத்தனையும் முகத்தைச் சுளித்தபோது, மாமியார் மட்டும் "அவ படிக்கட்டும். சோறாக்க நானிருக்கறேன்" என்று ஒரே போடாகப் போட்டார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அத்தை வெண்ணந்தூரில் தறி ஓட்டும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். துணி விஷயத்தில் அவரிடம் யாரும் வாயைக் கொடுக்க முடியாது. கஞ்சி போடாத பருத்தித் துணி அவர் கணக்கில் துணியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜவ்வரிசியைக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, என் வெள்ளைக் கோட்டை அதில் முக்கி எடுத்து, உதறிக் காயப்போட்டு, தேய்த்து மடித்து வைப்பார். அந்தக் கோட்டைத் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும். அதைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறும்போது எனக்கும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன்.

என் ஆய்வு காப்பர் அயோடைடைப் பற்றியது. செம்பும் அயோடினும் சேர்ந்த வெள்ளைத் தூள். கோலமாவு டப்பாவில் கொட்டி வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்தத் தூளை வைத்துக்கொண்டு என்னென்ன வேலை வாங்குகிறார்கள் தெரியுமா? கண்ணாடியின் மேல் மெல்லிசாகப் படியவைத்தால், ஊடே பார்க்கவும் முடியும், மின்சாரமும் ஓடும். சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் கலங்களில் அதை ஓர் அடுக்காக வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு மூலக்கூறை இன்னொன்றோடு கோப்பதற்கு ஊக்கியாகவும் ஒரு சிட்டிகை போடுகிறார்கள். என்னைக் கட்டி இழுத்தது வேறொன்று. காப்பர் அயோடைடோடு பிரிடின் என்ற திரவத்தைச் சேர்த்தால், நான்கு செம்பும் நான்கு அயோடினும் கூடி ஒரு சின்னக் கூண்டு கட்டிக்கொள்ளும். அப்படி வரும் பொருள் பார்வைக்குச் சாதாரணத் தூள்தான். புற ஊதா விளக்கைக் காட்டினால் மஞ்சளாக ஒளிவிடும். சூடு கிடையாது, புகை கிடையாது, வெறும் ஒளி. முதல்முறை பார்த்தபோது "ஐயோ, இங்க பாருங்களேன்!" என்று ஆய்வகமே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

ஏன் மஞ்சள்? பிரிடினுக்குப் பதிலாக அதன் பங்காளி ஒன்றைச் சேர்த்தால் வேறு நிறம் வருமா? குளிரவைத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகள் என்னைப் பிடித்து ஆட்டின. சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. பிரிடினின் நாற்றத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் போகாது. டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும்.

நான் முதலில் பார்த்த அந்த மஞ்சள், என் கையால் செய்தது அல்ல. எனக்கு அடுத்த மேசையில் மோகனூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் இருந்தாள். அவள் செய்தது. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆய்வகத்தில் இருந்த காப்பர் அயோடைடு பாட்டிலில் தூள் பழசாகிப் பழுப்பேறிப் போயிருந்ததால், நாங்கள் அவரவர் தேவைக்கு அவரவரே செய்துகொள்வோம். செய்முறை சுலபம். மயில்துத்தம் எனும் காப்பர் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்றினால், நீலம் போய்ச் சேறு மாதிரிப் பழுப்பாகும். அந்தப் பழுப்பு, பிரிந்து வந்த அயோடின். ஹைப்போ என்கிற உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பழுப்பு மறைந்து வெள்ளைத் தூள் அடியில் தங்கும். அதை வடிகட்டி, கழுவி, வெளிச்சம் படாமல் அலமாரியில் உலர வைக்க வேண்டும். ஹைப்போ கூடிப்போனால் தூளே கரைய ஆரம்பித்துவிடும் என்பதால், அயோடின் லேசாக ஒட்டியிருக்கும்போதே நிறுத்திவிடுவோம்.

அதே மயில்துத்தம், அதே ஹைப்போ, அதே தராசு. அவளுக்கு வெள்ளைவெளேர் என்று வரும். எனக்குச் சாயங்காலம் வெள்ளையாக இருக்கும். காலையில் வந்து அலமாரியைத் திறந்தால் மழைமேகம் மாதிரி நீலம் பாரித்துக் கிடக்கும். அதில் பிரிடினைச் சேர்த்து விளக்கைக் காட்டினால் எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி ஒரு மினுக்கல், அவ்வளவுதான்.

"நீ என்னதான் பண்றே? சொல்லேன்" என்று அவளிடமே கேட்டேன்.

"நான் ஒண்ணுமே பண்ணலைங்கக்கா. சும்மா கலக்கறேன், அது பாட்டுக்கு வருது" என்றாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நெறியாளர் தூளைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொன்னார். "நீலம்னா மயில்துத்தந்தானுங்க. சரியாக் கழுவலை." செம்பு வேதியியலில் நீலத்தைக் கண்டால் வேறு என்ன நினைக்கத் தோன்றும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கழுவினேன். மறுபடி கழுவினேன். புதுசாகச் செய்து, பீக்கரை எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவித் துடைத்து, மறுபடி கழுவினேன். கழுவக் கழுவ நீலம் கூடத்தான் செய்தது. அப்போதுதான் அவர் அந்தக் கைராசியைக் கண்டுபிடித்தார்.

பேச்சு பரவிவிட்டது. யாராவது முக்கியமான வேலை செய்துகொண்டிருக்கும்போது நான் அந்தப் பக்கம் போனால் குடுவையை மெல்லத் தள்ளி வைப்பார்கள். சிரித்துக்கொண்டேதான் செய்வார்கள். ஆனால் தள்ளி வைப்பார்கள். வலித்தது. வெளியே சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

ஆய்வுக்குழுக் கூட்டம் நெருங்கியது. வெளியிலிருந்து நிபுணர்கள் வருவார்கள். அதற்குள் ஒழுங்கான வெள்ளைத் தூளும் ஒழுங்கான ஒளியும் வராவிட்டால், தலைப்பை மோகனூர்ப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு என்னை வேறொன்றில் முதலிலிருந்து தொடங்கச் சொல்லப்போவதாக நெறியாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். முதலிலிருந்து தொடங்க எனக்கு ஏது நேரம்? விடுப்பு தீரும் நிலையில் இருந்தது. தூள் வெளுக்கவில்லை என்றால் ஆய்வை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே அத்தை கண்டுபிடித்துவிட்டார். என்ன ஏது என்று துருவினார். கைராசி விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த எடுபட்டவன் அப்பிடிச் சொன்னவன்?" என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள். டிவி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டார். நெறியாளரை நானே அத்தனை திட்டியதில்லை. அத்தையைச் சமாதானப்படுத்துவதற்குள் என் கோபம் ஆறிப்போனது.

அதற்கடுத்த வாரம் ஒரு பிற்பகல். மறுபடியும் நீலம் பாரித்த தூள். சூடான தண்ணீரில் மயில்துத்தம் நன்றாகக் கரையுமே, அப்படியாவது தொலையட்டும் என்று தூளைத் தண்ணீரோடு சேர்த்து வெந்நீர்த் தொட்டியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நீலம் காணாமல் போய்விட்டது! துள்ளிக் குதிக்காத குறை. பீக்கரை வெளியே எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பீக்கர் ஆறியிருந்தது. நீலம் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

சுடவைத்தால் போகிறது, ஆறினால் வருகிறது. இதென்ன கூத்து? மயில்துத்தம் இப்படிக் கண்ணாமூச்சி ஆடாது. கழுவிய தண்ணீரைத் தனியே வடித்து அதில் அம்மோனியா விட்டுப் பார்த்தேன். மயில்துத்தம் இருந்தால் கண்ணைப் பறிக்கிற கருநீலம் வரவேண்டும். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அப்படியென்றால் என் தூளில் மயில்துத்தமே இல்லை. இத்தனை நாள் இல்லாத ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் போய், பழைய அரிப்பு திரும்ப வந்தது. நீ யார்? எங்கிருந்து வருகிறாய்?

யோசித்துக்கொண்டே கையைத் துண்டில் துடைத்தேன். அயோடின் பட்டு விரல் நுனி பழுப்பாக இருந்தது. துடைத்த இடத்தில் துண்டு கருநீலமாக மாறியது. அந்தத் துண்டில் அப்படிப்பட்ட கறைகள் முன்பே நிறைய இருந்தன. செம்புக் கறை என்றே நினைத்திருந்தேன். விரல் பழுப்பு. கறை எப்படி நீலமாகும்?

தலையில் அடித்துக்கொண்டேன். சத்தமாகவே அடித்துக்கொண்டேன். கஞ்சி! எட்டாம் வகுப்பில் வருஷா வருஷம் சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் அயோடினைச் சொட்டி, "நீலமாச்சா? அப்ப இதுல மாவுச்சத்து இருக்கு" என்று பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்லவைத்தவள் நான். அதைவிடக் கொடுமை, செம்பை அளவிடும் பரிசோதனையில் நாங்களே வேண்டுமென்று மாவுக்கரைசலைச் சேர்ப்போம். முடிந்து கொஞ்ச நேரத்தில் நீலம் தானாகத் திரும்பி வருவதை இளங்கலையிலேயே பார்த்திருக்கிறோம், எல்லாருமே. காப்பர் அயோடைடில் ஒட்டியிருக்கும் அயோடின் மெல்லக் கசிந்து மாவைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். சுடவைத்தால் அந்த நீலம் போவதும் பாடத்தில் உள்ளதுதான்.

துண்டு எப்படி இதில் வந்தது? எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களை உலர்த்தும் சூட்டுப்பெட்டி ஒன்றே ஒன்று. எப்போதும் யாருடையதாவது உள்ளே இருக்கும். காத்திருக்கும் பொறுமை எனக்கேது? கழுவிய பீக்கரை உள்ளும் புறமும் துண்டால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவேன். ஆய்வகத்துத் துண்டுகள் அழுக்குப் பிடித்துக் கிடக்கின்றன என்று வெண்ணந்தூரிலிருந்து நல்ல கெட்டித் துண்டுகளை வரவழைத்து, வாராவாரம் கோட்டோடு சேர்த்து ஜவ்வரிசிக் கஞ்சி போட்டுக் கொடுத்தது அத்தை. பளபளவென்று துடைத்து ஒவ்வொரு பீக்கரிலும் நானே கஞ்சி தடவியிருக்கிறேன். கழுவக் கழுவ நீலம் கூடாமல் என்ன செய்யும்?

மோகனூர்ப் பெண்ணின் துண்டை வாங்கி ஒரு சொட்டு அயோடின் விட்டேன். பழுப்பாகவே இருந்தது. விடுதி வாளியில் அலசிக் கொடியில் போட்ட துண்டு அது. என் துண்டில் ஒரு சொட்டு. மை கொட்டியது போல் ஆனது.

"அக்கா!" என்றாள் அவள். நானும் அவளும் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தோம்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குப் பயம். சுற்றி வளைக்கத் தெரியாதவள் நான். மருந்துப் பெட்டியிலிருந்து டிங்சர் அயோடின் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், அத்தை எதிரிலேயே கஞ்சி போட்ட துண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன்.

"அட, இதென்ன சாமி, கருத்துப்போச்சு?" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சோற்றுப் பருக்கையில் விடச்சொன்னார். மரவள்ளிக்கிழங்கை நறுக்கி நீட்டினார். பருப்பு, சர்க்கரை, உப்பு, எல்லாம் வரிசையாக வந்தன. சர்க்கரை மாறவில்லை என்றதும், "ஓ, இதுக்கு மாவை மட்டுந்தான் கண்டா ஆகாதாட்ட" என்று தானே முடிவுகட்டினார். என் வகுப்பில் இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்காரவைத்திருப்பேன். கடைசியில் பாட்டிலை மூடினார். முகம் மாறியது.

"அப்ப உன்ற பேரைக் கெடுத்தது நானா?"

"யாரும் கெடுக்கலைங்க அத்தை. தெரியாமப் போச்சு, அவ்வளவுதான்."

அவர் துண்டுகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய் வெந்நீரில் போட்டார். அலசி அலசி, ஒவ்வொன்றிலும் டிங்சர் விட்டுச் சோதித்த பிறகுதான் என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் நெறியாளரிடம் போனேன். வாயால் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்று தெரியும். "சார், நான் அலசின துண்டுல துடைச்சு ஒண்ணு செய்யறேன். இந்தப் பொண்ணு என் கஞ்சித் துண்டுல துடைச்சு ஒண்ணு செய்யட்டும். ரெண்டையும் உங்க அலமாரியிலயே வச்சுப் பூட்டிக்கங்க" என்றேன். ஆய்வகத்தில் கோட்டோடு கிடந்த ஒரு கஞ்சித் துண்டு அலசாமல் தப்பியிருந்தது. அதை அவளிடம் கொடுத்தேன்.

காலையில் அவரே பூட்டைத் திறந்தார். என்னுடையது வெள்ளை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போன்ற வெள்ளை. ஆய்வகத்திலேயே ராசியான கை என்று பேர் வாங்கிய பெண்ணின் தூள் நீலம் பாரித்துக் கிடந்தது. நெறியாளர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தாடையைத் தேய்த்தார்.

"கைராசின்னு சொன்னது தப்புங்க டீச்சரம்மா" என்றார். தப்பு என்ற வார்த்தையை அவர் முழுசாகச் சொன்னதில் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை அவர் அடுத்த நிமிஷமே கிளறிவிட்டார்: "மாமியார் கஞ்சின்னு ஒரு பேப்பர் போட்டுருலாங்களா?"

கூட்டத்தன்று நான் செய்த தூளோடு பிரிடினைச் சேர்த்து எடுத்த பொருளை நிபுணர்கள் முன் வைத்தேன். விளக்கைக் காட்டியதும் மஞ்சள் பொங்கிக்கொண்டு வந்தது. மோகனூர்ப் பெண்ணின் மாமா கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். சினை ஊசிக் குழல்களை வைத்திருக்கும் திரவ நைட்ரஜனில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். குப்பியை அதில் இறக்கினேன். கண்ணெதிரே மஞ்சள் வடிந்து நீல ஒளி ஏறியது. வெளியே எடுத்தால் மெல்ல மஞ்சள் திரும்பியது. வெளியிலிருந்து வந்த மூத்த நிபுணர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "இன்னொரு தடவை இறக்குங்கம்மா" என்றார். அப்புறம் இன்னொரு தடவை. கேள்விகள் கேட்டார்கள், நீலம் பாரித்த கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பு என்னிடமே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். கூட்டம் என்ன ஆயிற்று, தலைப்பு நின்றதா போனதா, அதெல்லாம் கேட்கவில்லை.

"உன்ற கையைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"சார் அன்னைக்கே தப்புன்னு ஒத்துக்கிட்டாருங்க அத்தை. இன்னைக்கு எல்லாரு முன்னாலயும் சொன்னாரு, என் கையில ஒரு குத்தமும் இல்லைன்னு."

"எல்லாரு முன்னாலயுமா?"

"எல்லாரு முன்னாலயும்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. மாமனார் போனபோதுகூட அடுப்படியில் நின்று எல்லோருக்கும் காபி போட்டவர். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "எதுக்கு இப்ப அழறீங்க? எல்லாம் நல்லபடியாத்தானே முடிஞ்சுது?" என்று அதட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார். அவர் கல்யாணமாகி வெண்ணந்தூருக்கு வந்த வருஷம் தறியில் ஏற்றிய புதுப் பாவு, நெடுக்கு நூல், இழை இழையாக அறுந்ததாம். புதுப் பெண் தொட்டதால்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாவு ஏற்றும் நாளிலெல்லாம் அவரை அடுப்படியைவிட்டு வெளியே வரவிட்டதில்லை. மகனைப் பெற்று, அவனுக்கு வேலை கிடைத்து, சூரமங்கலத்துக்குக் குடிவரும் வரை.

"என்னையச் சொன்னப்ப, இல்லைன்னு காட்டறதுக்கு எனக்கு ஒரு சொட்டு மருந்து கெடைக்கலியே சாமி" என்றார்.